நிலம் கொடுத்தால் கண்மாயோடு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போது மாணவர் பக்கங்களில் சதுரங்கத்துக்கும் கேரமுக்கும் இடம் கிடைக்கிறது. டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கும் கொஞ்சம் இடம் தர வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இதை நடத்த நினைக்கும் ஆசிரியர்கள், நூலகர்கள், கல்லூரி மாணவர்களுக்குப் பயன்படும்படி, இந்த விளையாட்டு அதிகம் தடுமாறும் ஓர் இடத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறோம். வீரர்களாகத் தொடங்கிய கதாபாத்திரங்கள் நிலமும் பதவியும் பெறுகிற கட்டம்தான் அது.

அறியாதவர்களுக்காக: நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதிலுள்ள மற்றவர்களையும் அவர் நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை முடிவு செய்யும். பணம் வைப்பதில்லை, ஆகவே பகடையைப் பார்த்துச் சூதாட்டம் என்று பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை.

இவ்வகை விளையாட்டுகளில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974-ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே நிலம் உண்டு. போர்வீரன் அனுபவத்தால் உயர்ந்து ஒன்பதாம் நிலையை (லெவல்) எட்டினால் கோட்டை கட்டிச் சுற்று வட்டாரத்தை ஆளலாம். குடிமகன் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்துப் பொற்காசு வரி வரும். அதற்கும் முன்பே, 1969-ல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி நடத்திய பிரௌன்ஸ்டைன் என்ற போர் விளையாட்டில் ஆட்டக்காரர்களுக்குப் படைகளுக்குப் பதிலாக நகரத் தலைவர், வங்கியாளர் போன்ற பாத்திரங்கள் கொடுக்கப்பட்டன. அரசியல் இந்த விளையாட்டின் வேரிலேயே இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான மேசைகளில் நிலம் கைக்கு வந்த பிறகு ஆட்டம் சில வாரங்களில் படுத்துவிடுகிறது. காரணம், நிலத்தைப் புதையல் போலக் கொடுப்பது. பொற்காசுப் பைக்கு வாரிசுச் சண்டை இல்லை, தண்ணீர் வேண்டாம், யாரும் மனுக் கொடுக்க மாட்டார்கள். நிலத்துக்கு இவை அத்தனையும் உண்டு. இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால்தான் அது நிலம்.

பழைய விதிகள் எல்லைப்புறக் காட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மிருகங்களை விரட்டு, காட்டை வெட்டு, குடிகளை வரவழை என்று அவை போகும். நம் பக்கத்துக்கு அது பொருந்தாது. இங்கே ஒரு குழி நிலத்தைக் கேட்டாலும் அதில் ஏற்கெனவே ஒருவருக்கு விளைச்சல் உரிமை, இன்னொருவருக்கு வார உரிமை, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஒரு பங்கு, மடைத் தண்ணீரில் முறை என்று நாலு பேர் நிற்பார்கள். 1605-ல் சடைக்கன் சேதுபதிக்கு மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் இந்தச் சீமையின் அதிகாரத்தை அளித்தபோது, ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களின் வழியைக் காக்கிற பொறுப்பும் கூடவே வந்தது. கேம் மாஸ்டர்கள் படிக்க வேண்டிய முதல் பாடம் அங்கே இருக்கிறது. பதவியை ஒரு வேலையோடு கொடுங்கள். அந்த வேலை தவறினால் பதவி ஆட்டம் காண வேண்டும்.

எப்போது கொடுப்பது? ஒன்பதாம் நிலைவரை காத்திருக்க வேண்டாம். பள்ளித் தேர்வு, மீன்பிடித் தடைக்காலம், வேலை மாற்றம் என்று பல மேசைகள் ஒன்பதை எட்டுவதற்கு முன்பே கலைந்துவிடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கேம் மாஸ்டர்களுக்காக 2024-ல் வந்த புதிய டன்ஜன் மாஸ்டர் கைடும் ஐந்தாம் நிலையிலேயே கதாபாத்திரங்களுக்குச் சொந்த இருப்பிடம் தருகிறது. எங்கள் பரிந்துரை இன்னும் கீழே: மூன்றாம் நிலையில் ஒரு சிறு உரிமை. தோணித்துறையில் சுங்கம் வாங்குகிற குத்தகை, ஒரு சத்திரத்தின் காவல், ஒரு மடையின் பொறுப்பு. அதைச் சரியாக நடத்தினால் ஐந்தாம் நிலையில் கண்மாயும் ஊர்களும்.

கொடுக்கும்போது வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு தாளில் பட்டயம் எழுதுங்கள். சேதுபதிகளின் செப்பேடுகள் இதற்கு நல்ல மாதிரி. அவற்றில் நான்கு திசை எல்லையும் வரும், என்ன காரியத்துக்காகக் கொடுத்தது என்பதும் வரும், கொடையைக் கெடுப்பவருக்கு என்ன பாவம் சேரும் என்பதும் வரும். மேசைக்கு ஐந்து வரி போதும். எல்லை எது. ஆண்டுக்கு மேலிடத்துக்குக் கட்ட வேண்டியது எவ்வளவு. ஏற்கெனவே உரிமை உள்ளவர்கள் யார் யார். என்ன செய்தால் பட்டயம் ரத்தாகும். கதாபாத்திரம் இறந்தால் வாரிசு யார். மூன்றாவது வரியில் குறைந்தது மூன்று பெயர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவருக்கு இந்தப் பட்டயம் பிடிக்காமல் இருக்க வேண்டும். அடுத்த பத்து ஆட்டங்களுக்கான கதை அந்த வரியிலிருந்தே பிறக்கும்.

இனி கணக்கு. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்" என்று சொல்வோம். விளையாட்டுக்கு 48 மடை தாங்காது, ஐந்து போதும். பெரும்பாலான விதிநூல்கள் நிலத்தை அறுகோணக் கட்டங்களாக அளக்கின்றன; நம் ஊர்க்காரர்களுக்கு மடையாக அளந்தால் உடனே புரியும். மடை ஒன்றுக்கு 12 வண்டி நெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் பெருகிய வருடம் 60 வண்டி. அதில் பாதி மேல்வாரம், அதாவது ஆள்பவர் பங்கு 30, மீதி குடிகளுக்கு.

30-லிருந்து என்னென்ன போகும்? மேலிடத்துக் கப்பம் 10. கோயில், சத்திரச் செலவு 3. கணக்குப்பிள்ளை, காவல்காரர், நீர்பாய்ச்சி ஆகியோருக்கு 3. கரை, மடை, கலுங்கு மராமத்து 4. மொத்தம் 20 போக 10 வண்டி மிஞ்சும். ஒரு வண்டி நெல் ஐந்து வீரர்களை ஒரு வருடம் வைத்திருக்கும் என்றால் 50 பேர் கொண்ட படை. எல்லாம் ஆட்டத்துக்கான எண்கள்தான், வரலாற்று அளவுகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டிகளைக் குறிக்கப் புளியங்கொட்டை வையுங்கள். கொட்டை கைமாறுவதைக் கண்ணால் பார்க்கும்போது வருகிற பதற்றம் தாளில் எண்ணை அடித்து எழுதும்போது வராது.

மழைக்கு இரண்டு ஆறுமுகப் பகடை. கூட்டுத்தொகை 2 முதல் 5 வரை என்றால் வறட்சி, இரண்டு மடை மட்டும் பாயும். 6, 7, 8 என்றால் மூன்று மடை. 9-ம் அதற்கு மேலும் என்றால் ஐந்தும். 36 வாய்ப்புகளில் முறையே 10, 16, 10 என்று விழும். மேல்வாரம் 12, 18, 30 என வரும். சராசரி 20-க்குச் சற்றே குறைவு. கட்டாயச் செலவு சரியாக 20. நெல்லை மட்டும் நம்பினால் ஒரு வீரனைக்கூட வைத்துக்கொள்ள முடியாது என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறோம். வானம் பார்த்த பூமியில் அது உண்மையும்கூட.

இந்த அமைப்பின் உயிர், கப்பம் மாறாது என்பதில் இருக்கிறது. மழை எப்படிப் பெய்தாலும் பத்து வண்டி பத்து வண்டிதான். 1803-ல் கம்பெனியார் ராமநாதபுரத்துக்கு நிரந்தர ஜமீன்தாரி ஏற்பாடு செய்தபோது ஆண்டுத் தொகை இப்படித்தான் நிலைப்படுத்தப்பட்டது. விளைச்சலில் இத்தனை பங்கு என்று கப்பத்தை வைத்தால் வறட்சி வருடம் வலிக்காமல் போய்விடும். நிலைத்த தொகை வைத்தால் மூன்று மடை வருடத்தில்கூட எதை வெட்டுவது என்று மேசையில் வாக்குவாதம் கிளம்பும். மராமத்தை வெட்டலாம் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், ஏனென்றால் அதற்கு வாய் கிடையாது. வெட்டட்டும். ஆனால் பட்டயத்தின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒரு கோட்டுக்கு அடுத்த வருடம் ஒரு மடை குறையும். கோடு இருக்கும்போது 11 அல்லது 12 விழுந்தால் கரை உடையும்; அந்த வருடம் இரண்டு மடை விளைச்சல்தான். உடைப்பை அடைக்க 12 வண்டி செலவு. நெல் இல்லையென்றால் குடிமராமத்துக்கு ஊரைக் கூப்பிடலாம், அதற்குக் குடிகளின் நம்பிக்கை ஒன்று குறையும்.

இந்த "நம்பிக்கை" என்ன என்று சொல்லிவிடுகிறோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1984-ல் வந்த கம்பேனியன் விதித் தொகுப்பு, ஆட்சிப்பகுதி மக்கள் ஆள்பவரை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு ஓர் எண் வைத்தது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டுக்கு 2010-ல் தொடங்கிய கிங்மேக்கர் கதைத் தொடரில் பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என மூன்று எண்கள், அதிருப்திக்குத் தனியாக ஒன்று. நுணுக்கமான விதிகள்தான், ஆனால் மேசையில் நடப்பது இது: கணக்கு வருகிற ஒருவர் எல்லாத் தாளையும் தன்பக்கம் இழுத்துக்கொள்வார், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். எண்ணை ஆட்களோடு கட்டினால் இது நடக்காது. குடிகள், வணிகர், மேலிடம் என மூன்று தரப்பு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை நம்பிக்கை, தொடக்கம் 4. குடிகள் 1-க்கு இறங்கினால் ஒரு மடைக்காரர்கள் ஊரை விட்டுப் பெயர்ந்து பக்கத்துச் சீமைக்குப் போய்விடுவார்கள். விதைக்க ஆள் இருக்காது. வணிகர் 1-க்கு இறங்கினால் தோணிகள் அடுத்த துறைக்குத் திரும்பும். மேலிடம் 1-க்கு இறங்கினால் பட்டயத்தின் மூன்றாவது வரியில் முறைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்குப் புதிய பட்டயம் போகும்.

கடல் வருமானம் இல்லாமல் இந்தக் கரையில் ஆட்சி நடக்காது. துறைமுகத்துக்கு ஒரு பகடை: எத்தனை தோணி வந்தது என்று அது சொல்லும். தோணிக்கு ஒரு வண்டி நெல் மதிப்புள்ள சுங்கம். சுங்கத்தை இரட்டிப்பாக்கலாம், அந்தப் பருவம் கொட்டை குவியும். ஆனால் வணிகர் நம்பிக்கை ஒன்று இறங்கும், பழைய சுங்கம் திரும்பும்வரை பகடையில் இரண்டு குறையும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை என்று துறைகள் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருக்கிற கரையில், வணிகருக்கு வேறு வழி எப்போதும் உண்டு.

உப்புக்குப் பகடை வேண்டாம், மழைப் பகடையையே தலைகீழாகப் படியுங்கள். வறட்சி வருடம் 4 வண்டி நெல் மதிப்பு, நடுத்தரம் 3, கண்மாய் பெருகிய வருடம் 1. நெல் போன வருடம் உப்பளம் தாங்குவது அழகான முடிச்சு: உப்பளக்காரர்களின் கை ஓங்கும், விவசாயிகள் அதைப் பார்த்துப் பொருமுவார்கள். முத்துக் குளிப்பை வருடாந்திர வருமானமாக வைக்கவே கூடாது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து திடீரென ஒருமுறை பலன் தருபவை. பார் விளைந்திருக்கிறது என்ற செய்தி வந்தால் அதை ஒரு முழு ஆட்டமாக நடத்துங்கள். மாதிரிக்குச் சிப்பி எடுக்க முதலில் யார் இறங்குவது, எத்தனை தோணி, குளியாளுக்கு எவ்வளவு, ஆள்பவருக்கு எவ்வளவு, கப்பலோடு வந்து நிற்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு எவ்வளவு என்ற பேரத்திலேயே ஒரு மாலை போய்விடும். நாயக்கர், சேதுபதி, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் என்று இந்த ஒரு கடலில் பங்கு கேட்டவர்களின் வரிசை நீளமானது.

ஆட்சிக் கணக்கை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதில் விதிநூல்கள் வேறுபடுகின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1995-ல் வந்த பர்த்ரைட் தொகுப்பு மூன்று மாதத்தை ஒரு சுற்றாகக் கொண்டது; கிங்மேக்கர் ஒரு மாதம்; 2024 விதிகள் ஏழு நாள். நம் கரைக்குக் காற்றை வைத்து மூன்று சுற்று சரியாக வரும். ஐப்பசி முதல் தை வரை வாடை (வடகிழக்குக் காற்று): மழைப் பகடை, அறுப்பு, கப்பம், வடகடல் (பாக் நீரிணை) கொந்தளிக்கும், அந்தப் பக்கத் துறைக்குப் பகடை கிடையாது. மாசி முதல் வைகாசி வரை கோடை: உப்பு, யாத்திரிகர், வற்றிய கண்மாயில் மராமத்து, இரண்டு கடலும் திறந்திருக்கும். ஆனி முதல் புரட்டாசி வரை கச்சான் (தென்மேற்குக் காற்று): தென்கடல் (மன்னார் வளைகுடா) மூடும், வடகடல் திறக்கும், புரட்டாசியில் விதைப்பு. துறை எந்தக் கடலில் இருக்கிறது என்பது பட்டயம் எழுதும் அன்றே முடிவாக வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் துறை வைத்திருப்பவரும் பாக் நீரிணைப் பக்கம் துறை வைத்திருப்பவரும் பருவத்துக்குப் பருவம் ஒருவரையொருவர் நாட வேண்டிவரும். இதற்கு மேல் கூட்டணி அரசியலுக்குத் தனி விதி தேவையில்லை.

ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். முதலில் பகடை, பிறகு வரவு செலவு, பிறகு வழக்கு, கடைசியில் ஆளுக்கு ஒரு காரியம். வழக்குதான் மையம். மூன்று சீட்டு முன்கூட்டியே எழுதி வைத்திருந்து ஒன்றை எடுங்கள். "மேலமடைக்காரங்க ராத்திரியோட ராத்திரியா பலகையைத் தூக்கிட்டாங்கய்யா, எங்க பயிர் காயுது" என்று ஒருவர் வந்து நின்றால், ஆட்டக்காரர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எந்தத் தீர்ப்பும் ஒரு தரப்பின் நம்பிக்கையை ஏற்றி இன்னொன்றை இறக்க வேண்டும், அல்லது வண்டி நெல் செலவு வைக்க வேண்டும். இரண்டும் இல்லாத வழக்குச் சீட்டைக் கிழித்துப் போடலாம்.

ஒருவர் ராஜா, மற்ற மூவர் அவருக்குச் சேவகர் என்று ஆகிவிடுவது அடிக்கடி நடக்கிற கேடு. பட்டயத்தைப் பிரித்துக் கொடுத்தால் போதும். ஒருவருக்குக் கண்மாயும் ஊரும், ஒருவருக்குத் துறையும் சுங்கமும், ஒருவருக்குக் காவலும் படையும், ஒருவருக்குக் கோயில் அல்லது தர்கா நிர்வாகமும் சத்திரமும். மராமத்துக்கான நான்கு வண்டியைத் துறைக்காரர் கொடுக்கிற நிலை வந்தால், அவர் அடுத்த முறை கண்மாய்க்காரரிடம் என்ன கேட்பார் என்பதைத் தனியே சொல்லித் தர வேண்டாம்.

அதிகாரம் வந்ததும் கதாபாத்திரங்கள் வீட்டை விட்டுக் கிளம்பாமல் போவது இன்னொன்று. நிர்வாகத்துக்கு ஒரு காரியக்காரரை வைத்துக்கொள்ள விடுங்கள். அவருக்கு ஒரு நல்ல குணம், ஒரு கெட்ட குணம் எழுதுங்கள். ஆனால் எல்லைத் தகராறு, காணாமல் போன தோணி, பக்கத்துச் சீமையில் பெண் கேட்டுப் போகிற தூது ஆகியவற்றுக்கு நேரில்தான் போயாக வேண்டும். கேம் மாஸ்டரும் தன் பங்குக்கு அளவோடு இருக்க வேண்டும். பெயரோடு பேசுகிற உள்ளூர் ஆட்கள் ஐந்து பேருக்கு மேல் போனால் யார் யார் என்று யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

சண்டைக்குப் பெரிய போர் விதிகள் தேவையில்லை. ஐம்பது பேர் படைக்கு இரு பக்கமும் ஒரு பகடை, கதாபாத்திரம் ஒவ்வொருவரும் செய்கிற வீரச்செயலுக்கு ஒன்று கூட்டல், தோற்ற பக்கம் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அவ்வளவே.

வாரிசு விஷயத்தை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராமநாதபுரத்தைத் தலைநகராக்கிக் கோட்டை கண்ட கிழவன் சேதுபதி 1710-ல் மறைந்தபின் இருபது ஆண்டுக்குள் வாரிசுப் போட்டியில் சீமை ஐந்து பங்காகி, இரண்டு பங்கு சிவகங்கையாகப் பிரிந்தது. மேசையில் வாரிசு வரி இன்னொரு நன்மையும் செய்யும்: கதாபாத்திரம் செத்துவிட்டால் ஆட்டக்காரர் எங்கிருந்தோ வந்த அந்நியனாகத் தொடங்காமல் மகளாகவோ மருமகனாகவோ பழைய கடனையும் பகையையும் சுமந்தபடி உட்காரலாம். வாரிசைத் தரப்புகள் ஏற்க வேண்டும் என்பதால், பொறுப்பு மாறுகிற அன்று மூன்று நம்பிக்கையும் ஒவ்வொன்று குறையட்டும்.

ஒரு வேண்டுகோள். வரலாற்றிலிருந்து முறைகளை எடுங்கள், இன்றைக்கு இருக்கும் குடும்பங்களின் பெயரையும் சாதிப் பெயர்களையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். ஊர்ப் பெயர்களைப் புதிதாக வையுங்கள். தரப்புகளைத் தொழிலால் பிரியுங்கள்: மடைக்காரர், உப்பளக்காரர், தோணிக்காரர், சங்கு குளிப்பவர், பனையேறுபவர். மேசையில் இருக்கிற பிள்ளையின் அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போயிருக்கக்கூடும். தோணி கவிழ்கிற, ஆள் காணாமல் போகிற காட்சிகளை முன்கூட்டிக் கேட்டுவிட்டே வையுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

தொடங்கத் தேவையானது: நான்கு பேர், இரண்டு ஆறுமுகப் பகடை, ஒரு கைப்பிடி நிறையப் புளியங்கொட்டை, ஆளுக்கு ஒரு தாள், மூன்று மணி நேரம் கலையாமல் இருக்கிற ஒரு மேசை. கிளை நூலகங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி ஒரு மேசையை ஒதுக்க முடியும். உங்கள் மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு வழக்குச் சீட்டை வெளியிட்டு, வாசகர்களின் தீர்ப்பை அடுத்த மாதம் அச்சிட்டால், இந்தக் கரையில் மேசை போடுகிறவர்கள் அதையே எடுத்து ஆடுவார்கள். முதல் பன்னிரண்டு சீட்டுகளை எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கேம் மாஸ்டர்களாக மேசை நடத்தும் வாசகர்கள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்.